‘நீங்க சொல்லவே இல்லையே’: கம்ப்யூட்டர் கடை வைக்கப் போகிறவர்களுக்கு

என் சித்தி மகன் சங்கரன்கோவிலில் கம்ப்யூட்டர் கடை போடப் போகிறான். ரேக் அடித்தாகிவிட்டது, போர்டும் எழுதக் கொடுத்தாகிவிட்டது. “அக்கா, முதல்ல எதைக் கத்துக்கணும்?” என்று போனில் கேட்டான். கோவில்பட்டியில் 17 வருஷமாக லேப்டாப் விற்றும் ரிப்பேர் பார்த்தும் வருகிறேன். அவனுக்கு நான் சொன்னது: ஒரு நோட்டு வாங்கி வை.

என் கல்லாவுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. இப்போது ஓடுவது மூன்றாவது. பொருள் வாங்கிப் போனவர் திரும்பி வந்து “நீங்க சொல்லவே இல்லையே” என்று சொன்னால், அன்று ராத்திரி கடை அடைக்கும் முன் அதை எழுதிவிடுவேன். தேதி, என்ன பொருள், எதைச் சொல்லாமல் விட்டோம், அவ்வளவுதான். யார் பக்கம் நியாயம் என்று எழுதுவதில்லை. பெட்டியிலேயே போட்டிருந்ததே, அவர்தானே படிக்கவில்லை என்றும் எழுதுவதில்லை. பெட்டியைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர் நம் கடைக்கு ஏன் வருகிறார்?

நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது 2018-ல் நடந்தது.

எட்டயபுரம் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். மகளுக்கு இன்ஜினியரிங் காலேஜில் மெக்கானிக்கல் கிடைத்திருந்தது. கரிசலில் பருத்தி போடுகிறவர். பஞ்சை விரலில் பிடித்து இழுத்துப் பார்த்தே இழை எவ்வளவு நீளம் என்று சொல்லிவிடுவார். அவர் என் மேஜையில் இருந்த லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியைத் தடவிப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். “தாயி, படிப்பு முடியிற வரைக்கும் தாங்குமா?”

“தாராளமா தாங்கும்” என்றேன்.

அது 17,500 ரூபாய் லேப்டாப். உள்ளே 32 ஜி.பி. இஎம்எம்சி மெமரி. செல்போனில் இருப்பதுபோல போர்டிலேயே ஒட்டியிருக்கும், கழற்றிப் பெரிசாக மாற்ற முடியாது. அந்த 32-ல் விண்டோஸும் அதன் அப்டேட்டும் போக மிஞ்சுவது ஆறேழு ஜி.பி.தான். அந்தப் பெண்ணுக்கு மெஷின் படம் வரைகிற ஆட்டோகேட் சாஃப்ட்வேர் வேண்டியிருக்கும், அது இதில் ஏறாது. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த மாதம் அந்த மாடலில் பத்து பீஸ் விற்றால் கடைக்கு லாபம் கூடுகிற ஒரு ஸ்கீம் இருந்தது. எட்டு பீஸ் போயிருந்தது, இது ஒன்பதாவது.

இரண்டாம் வருஷம் அப்பாவும் மகளும் வந்தார்கள். அவர் சண்டை போடவில்லை. “கம்மலை வச்சு வாங்கினது. இதுல அந்தப் படம் வரையிறது ஏறாதாமே. நீங்க சொல்லவே இல்லையே தாயி” என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு லேப்டாப் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அந்த ஜிப் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, ஒரு கம்பெனியில் ஓடிய பழைய ஐ5 லேப்டாப் ஒன்றை, எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க் போட்டு, மேல்பணம் வாங்காமல் கொடுத்தேன். ஒரு வருஷம் அந்தப் பெண் பட்ட பாட்டுக்கு அது ஈடாகாது. அன்று சாயங்காலமே நோட்டு வாங்கினேன்.

பஞ்சை இழுத்துப் பார்ப்பதுபோல லேப்டாப்பை இழுத்துப் பார்க்க வழியில்லை. நம் தொழிலில் இருக்கிற சிக்கலே இதுதான். காய்கறிக் கடையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்குகிறவர், நம் கடைக்கு வந்தால் நம் வார்த்தையைத்தான் ஒடித்துப் பார்க்க முடியும். அதனால் ஒரு பொருளின் குறையைப் பில் போடுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். முன்னால் சொன்னால் அது விவரம். பின்னால் சொன்னால் சமாளிப்பு.

சரி, எப்படிச் சொல்வது?

‘ஆகாது’ வரி

என் கடையில் எந்தப் பில்லும் பின்பக்கம் வெறுமையாகப் போகாது. ‘ஆகாது:’ என்று எழுதி, அந்தப் பொருள் எதற்கு ஆகாது என்பதைத் தமிழில் கையால் எழுதுவோம். போன வாரம் ஒரு டீச்சருக்குக் கொடுத்த லேப்டாப்பின் பில்லில் இப்படி எழுதினேன்: ‘ஆகாது: பெரிய கேம் ஓடாது. வீடியோ எடிட்டிங் இழுக்கும். ரேம் போர்டிலேயே இருப்பதால் கூட்ட முடியாது. பேட்டரிக்கு வாரண்டி ஒரு வருஷம் மட்டும்.’ எழுதிவிட்டு வாசித்துக் காட்டுவேன். அதன் பிறகுதான் பணம்.

ஆரம்பத்தில் கடைப் பையன்கள் பயந்தார்கள். “அக்கா, இதைப் படிச்சா யாரு வாங்குவா?” என்றார்கள். சிலர் வாங்காமல் போனது உண்மைதான். இன்னும் சிலர் ‘ரேம் கூட்ட முடியாது’ என்பதைப் படித்துவிட்டு, கூட்டக்கூடிய மாடலைக் கேட்டு மூவாயிரம் அதிகம் கொடுத்து வாங்கிப் போனார்கள். அவர்களுக்கு வேண்டியது எதுவென்று அந்த வரியைப் படித்த பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது.

எழுதும்போது தொழில்நுட்ப வார்த்தையைக் கொட்டாதீர்கள். ‘சிங்கிள் சேனல் ரேம், டிஎன் பேனல்’ என்று சொன்னால் வாடிக்கையாளர் தலையாட்டுவார். புரிந்து ஆட்டியது என்று எண்ணிவிடக் கூடாது. ‘பக்கவாட்டில் இருந்து பார்த்தால் படம் வெளுத்துத் தெரியும்’ என்று சொல்லி, திரையை அவர் பக்கம் சாய்த்துக் காட்டுங்கள்.

ஐ5 என்கிற மந்திரம்

எங்கள் பக்கம் வருகிறவர்களில் பாதிப்பேர் “ஐ5 இருக்கா?” என்றுதான் கடைக்குள் நுழைகிறார்கள். ஐ3, ஐ5 என்பது இன்டெல் கம்பெனி பிராசஸரின், அதாவது லேப்டாப்பின் மூளையின், ரகம். யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். இந்த ஒரு கேள்வியை வைத்தே ஏமாற்றிப் பிழைக்கிற கடைகள் உண்டு. ‘ஐ5 லேப்டாப் வெறும் 16,000’ என்று பேனர் வைப்பார்கள். பொய் கிடையாது, அது ஐ5-தான். ஆனால் 2015-ல் வந்த ஆறாம் தலைமுறை ஐ5-6200யு. இரண்டே கோர், அதாவது வேலை செய்கிற மூளை இரண்டுதான். 2022-ல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-1215யு-வில் ஆறு கோர் இருக்கிறது. அந்த ஐ3 இந்த ஐ5-ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

இதை நான் பஸ்ஸை வைத்துத்தான் சொல்வேன். “ஐ5-ங்கிறது டீலக்ஸ்னு போர்டு மாட்டினது மாதிரி. வண்டி எந்த வருஷத்து வண்டின்னு பக்கத்துல இருக்கிற நம்பர் சொல்லும். முதல்ல அதைப் பாருங்க.” அப்புறம் அந்த நம்பரை அவர்களையே வாசிக்கச் சொல்வேன். 6200 என்றால் ஆறு, 8250 என்றால் எட்டு, 1-ல் தொடங்கும் 1215 என்றால் முதல் இரண்டு எண்ணையும் சேர்த்துப் பன்னிரண்டு. ஒருமுறை கற்றுக்கொண்டால் அடுத்த கடையிலும் அவரை ஏமாற்ற முடியாது. சொல்லிக்கொடுத்தால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். போகட்டும். என்னிடம் கற்றுக்கொண்டு போனவர்கள் தங்கச்சிக்கு வாங்கும்போது என்னிடம்தான் வந்தார்கள்.

தலைமுறை நம்பருக்கு இன்னொரு அவசியமும் வந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல்தான் முறைப்படி இடம், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஆறாம் ஏழாம் தலைமுறையில் குறுக்கு வழியில் ஏற்றி ‘விண்டோஸ் 11 இருக்கு’ என்று விற்கிறார்கள். ஏற்றலாம், ஓடவும் செய்யும். ஆனால் மைக்ரோசாஃப்ட் அதற்குப் பொறுப்பேற்காது. ஏற்றிக் கொடுத்தால் இதையும் ‘ஆகாது’ வரியில் எழுதுங்கள்.

இப்போது புதிதாக “ஏஐ லேப்டாப்” கேட்டு வருகிறார்கள். எதற்கு என்று கேட்டால் சாட்ஜிபிடி பார்க்க என்கிறார்கள். அது இன்டர்நெட்டில் எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரில் ஓடுவது, உங்கள் பழைய லேப்டாப்பிலும் வரும் என்று அங்கேயே திறந்து காட்டிவிடுங்கள்.

பழைய லேப்டாப்பைப் பழசு என்று சொல்லுங்கள்

‘ரீஃபர்பிஷ்டு’, ‘ஏ கிரேடு’, ‘ஓப்பன் பாக்ஸ்’ என்று பல பெயர் இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துச் சேர்த்த காசைக் கொண்டுவரும் அம்மாவுக்கு ‘ரீஃபர்பிஷ்டு’ என்றால் என்னவென்று தெரியாது. புதிதில் ஒரு ரகம் என்றுதான் நினைப்பார். “இது பழசும்மா. ஒரு கம்பெனியில நாலு வருஷம் ஓடினது. துடைச்சு, டிஸ்க் மாத்தி வச்சிருக்கேன்” என்று சொல்லுங்கள். பில்லிலும் ‘பழையது’ என்று எழுதுங்கள்.

பழையதில் பேட்டரிதான் வாயைத் திறக்காத இடம். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்க வழி இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டில் ஒரே வரி. புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது முழு சார்ஜில் எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண் வரும். 50,000-ல் தொடங்கியது 31,000-க்கு வந்திருந்தால் 62 சதவீதம். அந்தச் சதவீதத்தை ஸ்டிக்கரில் எழுதி லேப்டாப் மேலேயே ஒட்டுகிறேன். டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதையும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்கிற சாஃப்ட்வேரில் பார்த்து எழுதிவிடுவேன். ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு பேரம் குறைந்தது. விலை ஏன் அப்படி என்பதை ஸ்டிக்கரே சொல்லிவிடுகிறது.

விற்காமல் அனுப்ப வேண்டியவர்கள்

“லேப்டாப் ரொம்ப ஸ்லோ, புதுசு காட்டுங்க” என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்குப் புதிது தேவையில்லை. அரசு கொடுத்த இலவச லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இன்றும் வருகிறார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்தான் இழுத்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டால் டைப் அடிக்க, பாடம் பார்க்க, விண்ணப்பம் போட இன்னும் சில வருஷம் ஓடும். செலவு புதிய லேப்டாப் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கடையில் எப்போதும் ஒரே மாதிரி இரண்டு பழைய லேப்டாப் வைத்திருப்பேன், ஒன்றில் ஹார்ட் டிஸ்க், இன்னொன்றில் எஸ்எஸ்டி. இரண்டையும் ஒன்றாக ஆன் செய்து காட்டுவேன். அதற்கு மேல் எதுவும் பேச வேண்டியதில்லை.

வாடகை, சம்பளம், கரண்ட் பில் எல்லாம் எனக்கும் உண்டு. நாற்பதாயிரம் வியாபாரம் மூவாயிரமாகக் குறைகிற நாளில் மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்யும். அந்த நேரத்தில் 2018 பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்வேன்.

விலை, பில், வாரண்டி

வாடிக்கையாளர் போனை நீட்டி “ஆன்லைன்ல 1,200 கம்மியா இருக்கே” என்பார். உடனே ‘அதெல்லாம் டூப்ளிகேட்’ என்று சொல்லாதீர்கள். அதுவும் பொய்தான். நான் சொல்வது: “ஆமா, கம்மிதான். இங்க வாங்கினா பழைய லேப்டாப்ல இருக்கிறதை இதுக்கு மாத்தித் தருவேன். ரிப்பேர் ஆச்சுன்னா சர்வீஸ் சென்டருக்கு நான் கொண்டுபோய் வாங்கிட்டு வருவேன். அது வேண்டாம்னா ஆன்லைன்லயே வாங்கிக்கிடுங்க.” அப்படிச் சொல்வதோடு, வந்ததும் என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதிக் கொடுப்பேன்.

‘பில் இல்லாம 18 சதவீதம் ஜிஎஸ்டியைக் குறைச்சுக்கோங்க’ என்று கேட்கிறவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: வாரண்டிக்குப் போனால் முதலில் கேட்பது சீரியல் நம்பர் போட்ட பில். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். பேசுவதற்கே இடமில்லை.

வாரண்டி என்ற வார்த்தையைத் தனியாக விடாதீர்கள். தண்ணீர் ஊற்றினால், கீழே போட்டால் கிடையாது என்பதையும், ஆள் வீட்டுக்கு வருவாரா நாம் தூக்கிப் போக வேண்டுமா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ‘எம்எஸ் ஆபீஸ் இருக்கு’ என்பதும் அப்படித்தான். வாழ்நாள் ஆபீஸா, ஒரு மாத ட்ரையலா? என் நோட்டில் அதிக முறை வந்திருப்பது இதுதான். காசு கட்டாமல் திருட்டுத்தனமாகக் கிராக் போட்டுக் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிட்டு, இலவசமான லிப்ரே ஆபீஸைப் போட்டுக் காட்டுங்கள். கடிதம் அடிக்கிறவருக்கு அதுவே போதும்.

இன்னும் சின்னச் சின்னதாகச் சில. 512 ஜி.பி. டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் 476 என்று காட்டும். கம்பெனி ஆயிரத்தின் பெருக்கத்தில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ன் பெருக்கத்தில் எண்ணுகிறது. இதை வாங்கும்போதே காட்டிவிடுங்கள், வீட்டில் போய்ப் பார்த்தால் திருடிவிட்டோம் என்றுதான் தோன்றும். 600 வி.ஏ. யூபிஎஸ், வேலையைச் சேமித்துவிட்டு அணைப்பதற்கு, கரண்ட் வரும்வரை ஓட்டுவதற்கு இல்லை. சிசிடிவி கேமரா நாலு, ஒவ்வொன்றும் 2 எம்.பி.பி.எஸ்.-ல் (விநாடிக்கு 2 மெகாபிட்) பதிந்தால் ஒரு நாளைக்கு 86 ஜி.பி. ஆகும், 1 டி.பி. டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பிப் பழையதை அழிக்க ஆரம்பிக்கும். ‘ஒரு மாசம் நிக்கும்’ என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

ரிப்பேருக்கு வரும் லேப்டாப்

விற்பதைவிட இங்கேதான் நம்பிக்கை அதிகம் வேண்டும். பெண்கள் என் கடையைத் தேடி வருவதற்குக் காரணமே இதுதான். “அக்கா, நீங்களே பாருங்க, பசங்ககிட்ட குடுக்காதீங்க” என்று மெதுவாகச் சொல்வார்கள். உள்ளே குடும்பப் படம் இருக்கும். அதனால் கடையில் எல்லோருக்கும் ஒரே விதி: கீபோர்டு, ஃபேன், திரை மாற்றுவதற்குப் பாஸ்வேர்டு கேட்கக் கூடாது. பாஸ்வேர்டு வேண்டிய வேலை என்றால் வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே செய்ய வேண்டும். முடியாவிட்டால் வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி அனுப்ப வேண்டும்.

கழற்றிய பழைய சாமானை ஒரு கவரில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மாற்றியதற்கு அதுதான் சாட்சி. ஹார்ட் டிஸ்க் என்றால் கட்டாயம் கொடுக்க வேண்டும், கெட்டுப்போனதாக இருந்தாலும் சரி. பேட்டரி, சார்ஜர் மாற்றும்போது கம்பெனி பொருளா, வேறு யாரோ செய்த கம்பாட்டிபிளா என்று இரண்டு விலையும் சொல்லிவிட்டு எது என்று பில்லில் எழுதுங்கள்.

அழிந்த ஃபைலை மீட்டுத் தரச் சொல்லி வருகிறவர்களிடம் பேசுவதுதான் எனக்கு இன்றும் கஷ்டம். பிள்ளை பிறந்த நாளிலிருந்து எடுத்த படமெல்லாம் ஒரே டிஸ்க்கில் வைத்திருப்பார்கள். காதருகே வைத்தால் டக் டக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் செய்ய வேண்டியது, கரண்ட் கொடுப்பதை நிறுத்துவது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் உள்ளே தட்டு இன்னும் கீறலாம். ‘டிரை பண்ணிப் பாக்கலாம்’ என்று இரண்டு நாள் வைத்திருந்து ஓட்டிப் பார்ப்பது, உதவி மாதிரி தெரிகிற கெடுதல். இது என் கடையில் முடியாது, தூசி இல்லாத அறையில் திறக்க வேண்டும், சென்னையிலோ பெங்களூரிலோ செலவு ஆயிரக்கணக்கில் ஆகும், அப்படியும் வராமல் போகலாம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். எஸ்எஸ்டியில் அழித்தது என்றால் பெரும்பாலும் திரும்பி வராது. அழித்த இடத்தை டிஸ்க்கே சுத்தம் செய்துவிடுகிறது. அவர் அழுதாலும் ஆசை காட்டாதீர்கள். தண்ணீர் கொடுங்கள், கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள்.

கடைப் பையன்களின் இன்சென்டிவ்

முதலாளி உண்மை பேசினால் மட்டும் போதாது. எக்ஸ்ட்ரா வாரண்டி, ஆன்ட்டி வைரஸ், மவுஸ் விற்றால் பீஸுக்கு இவ்வளவு என்று இன்சென்டிவ் வைத்திருந்தேன். ஒரு பையன் ஒரு பெரியவரிடம் “ஆன்ட்டி வைரஸ் போடாட்டி வாரண்டி செல்லாது” என்று சொல்லிக்கொண்டிருந்ததை என் காதாலேயே கேட்டேன். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பொய்க்குக் காசு வைத்தது நான்.

இப்போது மாதம் முடிந்ததும் இன்சென்டிவ் கொடுப்பதில்லை. விற்று 60 நாள் கழித்துத்தான். அந்த 60 நாளில் ‘சொல்லவே இல்லையே’ என்று யாரும் வராத விற்பனைக்கு முழுப் பணம். வந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் கிடையாது. நோட்டில் எழுதுவதும் அந்தப் பையனேதான், அவன் கையெழுத்தில். வந்தவருக்கு மூஞ்சியைக் காட்டாமல் உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லிவைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் நோட்டு காலியாகவே இருக்கும், கடையும் காலியாகும்.

தெரியாததைக் கேட்டால் “தெரியல, கேட்டுட்டு சாயங்காலம் போன் பண்றேன்” என்று சொல்லப் பழக்குங்கள். சாயங்காலம் போன் பண்ணியாக வேண்டும். தப்பாகச் சொல்லி விற்றுவிட்டோம் என்று பிறகு தெரிந்தால், அவர் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல் நாமே கூப்பிட வேண்டும். முதல் தடவை கை நடுங்கும்.

நேற்றைய பக்கத்தில் ஒன்று ஏறியிருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அண்ணாச்சி, மெலிசான லேப்டாப் ஒன்று வாங்கிப் போனார். காலையில் வந்து, “இதுல நெட் கேபிள் சொருக ஓட்டையே இல்லையே. நீங்க சொல்லவே இல்லையே” என்றார். யூஎஸ்பியில் சொருகும் லேன் அடாப்டர் ஒன்றை வாங்கின விலைக்கே கொடுத்தேன், பில் பின்னால் இருந்த ‘ஆகாது’ வரியிலும் சேர்த்து எழுதினேன். இன்று காலை ஷட்டர் தூக்கியதும் பையன்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்: இனி லேப்டாப்பை இரண்டு பக்கமும் திருப்பி, எந்த ஓட்டை எதற்கு, எது இல்லை என்று விரல் வைத்துக் காட்டிவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.